பிசிஓஎஸ்: ஸ்கேன் எடுத்தாச்சு, சுகர் பார்த்தீங்களா?

"வெயிட் குறைங்க. இந்த மாத்திரையை மூணு மாசம் போடுங்க. இன்னும் கல்யாணம் ஆகலைதானே? அப்போ அதை அப்புறம் பார்த்துக்கலாம்."

ஸ்கேன் ரிப்போர்ட்டில் பிசிஓஎஸ் என்று வந்த பிறகு, இருபதுகளில் இருக்கும் ஒரு பெண் டாக்டர் அறையில் கேட்டுவிட்டு வரும் வார்த்தைகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். கையில் இருக்கும் ரிப்போர்ட்டில் இரண்டு சினைப்பைகளின் அளவும் மில்லிலிட்டர் கணக்கில் இருக்கும். ரத்த அழுத்தம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, தூக்கம் எப்படி, மனசு எப்படி என்பதெல்லாம் பல ஃபைல்களில் இருக்காது. யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் கேட்டே ஆக வேண்டும் என்கிறது பிசிஓஎஸ்ஸுக்கான சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தின் தலைமையில் பல நாட்டு மருத்துவ அமைப்புகள் சேர்ந்து 2023-ல் புதுப்பித்த ஆவணம் அது. பிசிஓஎஸ் உறுதியான உடனேயே சர்க்கரை, ரத்தக் கொழுப்பு, ரத்த அழுத்தம், மனநலம் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்கிறது. அந்தப் பெண் ஒல்லியா, குண்டா, கல்யாணம் ஆனவரா, குழந்தை வேண்டுமா என்பதெல்லாம் இதற்குப் பொருட்டில்லை.

இந்தியாவில் என்ன நடக்கிறது? குழந்தை என்ற பேச்சு வரும்வரை பிசிஓஎஸ் ஒரு 'பீரியட்ஸ் பிரச்சனை'. பேச்சு வந்த பிறகு அது ஒரு 'குழந்தையின்மைப் பிரச்சனை'. இந்த இரண்டுக்கும் நடுவே போகிற பத்து வருடத்தில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

கட்டியே இல்லாத 'நீர்க்கட்டி'

முதலில் பெயர். தமிழில் இதற்கு 'கர்ப்பப்பையில நீர்க்கட்டி' என்று ஒரு பெயர் நிலைத்துவிட்டது. அதில் இரண்டு தவறுகள். இது கர்ப்பப்பையில் இல்லை, சினைப்பையில். ஸ்கேனில் தெரிவது கட்டியும் இல்லை. மாதா மாதம் கருமுட்டை வளர்கிற சின்னச் சின்ன நுண்ணறைகள், வளர்ச்சி பாதியில் நின்று, முட்டையை வெளியே விடாமல் வரிசையாகத் தங்கிவிடுகின்றன. அதைத்தான் ஸ்கேன் படம் காட்டுகிறது. ஆபரேஷன் செய்து 'எடுக்க' அங்கே ஒன்றும் கிடையாது.

ஆங்கிலப் பெயரிலும் இதே கோளாறுதான். 1935-ல் சிகாகோவில் ஸ்டெய்ன், லெவென்தால் என்ற இரு மருத்துவர்கள் ஏழு பெண்களின் நிலையை விவரித்து எழுதியதில் இருந்து சினைப்பையின் தோற்றத்தை வைத்தே இந்த நோய் அடையாளம் காணப்பட்டது. இந்தப் பெயர் குழப்பத்தை உண்டாக்குகிறது, மாற்ற வேண்டும் என்று 2012-லேயே அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகம் கூட்டிய நிபுணர் குழு சொன்னது. பெயரில் சினைப்பை இருப்பதால் நோயாளி மகப்பேறு மருத்துவரிடம் மட்டுமே போகிறார். ஆனால் விஷயத்தின் பாதி, உடம்பு இன்சுலினைக் கையாளும் விதத்தில் இருக்கிறது.

சுருக்கமாகச் சொன்னால் இப்படி. பிசிஓஎஸ் உள்ள பலருக்குத் தசைகளும் கல்லீரலும் இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்பதில்லை. அதை ஈடுகட்ட கணையம் கூடுதலாக இன்சுலின் சுரக்கிறது. தசை கேட்காத அந்த இன்சுலினைச் சினைப்பை மட்டும் நன்றாகவே கேட்கிறது. அதன் தூண்டுதலில் ஆண்ட்ரோஜன் ஹார்மோனை அதிகம் தயாரிக்கிறது. அந்த ஹார்மோனைக் கட்டிப்போடும் ஒரு புரதம் கல்லீரலில் உருவாக வேண்டும். அதிக இன்சுலின் அந்தப் புரதத்தையும் குறைத்துவிடுகிறது. முகத்தில் முடி, தாடையில் பரு, தலைமுடி உதிர்வு, தள்ளிப்போகும் பீரியட்ஸ் எல்லாம் வெளியே தெரிபவை. உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் இன்சுலின் கணக்கு வெளியே தெரியாது. அதிகபட்சம், கழுத்தின் பின்பக்கம் கருத்து, வெல்வெட் மாதிரித் தடித்துத் தெரியலாம். 'சரியா தேய்ச்சுக் குளிக்கலையா?' என்று வீட்டில் திட்டு வாங்கித் தரும் அந்தக் கருமை, பல நேரங்களில் இன்சுலின் எதிர்ப்பின் அடையாளம்.

ஒரே பெண்கள், மூன்று எண்கள்

இந்தியாவில் எத்தனை பேருக்கு பிசிஓஎஸ்? 'ஐந்தில் ஒரு பெண்ணுக்கு' என்ற வரியைப் பார்த்திருப்பீர்கள். அது எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சம் பார்ப்போம்.

இந்த விஷயத்தில் இந்திய அளவிலான முக்கியமான ஆய்வு 2024-ல் 'ஜாமா நெட்வொர்க் ஓப்பன்' இதழில் வெளியானது. ஸ்ரீநகரின் ஷேர்-இ-காஷ்மீர் மருத்துவ அறிவியல் கழகத்தைச் சேர்ந்த முகமது அஷ்ரஃப் கனி தலைமையில், ஐசிஎம்ஆர் ஆதரவுடன் நடந்தது. 18 முதல் 40 வயது வரையிலான 9,824 பெண்கள் இதில் இடம்பெற்றார்கள். அவர்களில் எத்தனை சதவீதம் பேருக்கு பிசிஓஎஸ் என்ற கேள்விக்கு ஆய்வு மூன்று பதில்கள் தருகிறது: 7.2, 13.6, 19.6.

மூன்றுமே சரி. மாறுவது வரையறைதான். 1990-ன் அமெரிக்க வரையறைப்படி பீரியட்ஸ் ஒழுங்கின்மை, ஆண்ட்ரோஜன் அதிகம் ஆகிய இரண்டும் இருந்தே ஆக வேண்டும். அதன்படி 7.2 சதவீதம். 2003-ல் ராட்டர்டாமில் எடுத்த முடிவுப்படி அந்த இரண்டுடன் ஸ்கேன் தோற்றத்தையும் சேர்த்து, மூன்றில் ஏதாவது இரண்டு இருந்தால் போதும். அப்படிப் பார்த்தால் 19.6 சதவீதம். ஆண்ட்ரோஜன் அதிகம் கட்டாயம், மற்ற இரண்டில் ஒன்று இருந்தால் போதும் என்றால் 13.6. உங்கள் அலுவலகத்தில் நூறு பெண்கள் இருந்தால் ஏழு பேருக்கா, இருபது பேருக்கா என்பது எந்த அளவுகோலை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. தலைப்புச் செய்திகள் பெரிய எண்ணைத்தான் எடுக்கும். அது தெரிந்த கதை.

எனக்கு இந்த ஆய்வில் அதைவிட முக்கியமாகப் பட்டது வேறு. பிசிஓஎஸ்ஸில் நான்கு வகைகள் உண்டு. இந்திய அளவில் அதிகம் காணப்பட்டது, ஆண்ட்ரோஜனும் அதிகம், ஸ்கேனிலும் நுண்ணறைகள், ஆனால் பீரியட்ஸ் மட்டும் ஒழுங்காக வருகிற வகை. பத்தில் நான்கு பேர் இந்த வகைதான். 'மாசாமாசம் கரெக்டா வருதா?' என்ற ஒரே கேள்வியோடு முடிகிற விசாரணை இவர்கள் அத்தனை பேரையும் கடந்து போய்விடும். மூன்று அம்சங்களும் சேர்ந்தே இருப்பவர்களோடு ஒப்பிட்டால் இவர்களுக்குச் சர்க்கரை மாதிரியான ஆபத்து பொதுவாகக் குறைவு. குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமாகாது.

92 சதவீதத்தை எப்படிப் படிப்பது?

அதே ஆய்வில், பிசிஓஎஸ் உறுதியான 1,224 பெண்களுக்குக் கூடவே வேறு என்னென்ன இருந்தது என்றும் பார்த்தார்கள். ரத்தக் கொழுப்பில் ஏதோ ஒரு கோளாறு 92 சதவீதம் பேருக்கு. உடல் பருமன் 43 சதவீதம். ஃபேட்டி லிவர் 33 சதவீதம். இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றில் பல ஒன்றாகக் கெட்டுப்போகும் மெட்டபாலிக் சிண்ட்ரோம் 25 சதவீதம். சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை 9, ரத்த அழுத்தம் 8, சர்க்கரை நோய் 3 சதவீதம்.

92-ஐப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு எண்ணைத் தனியாகப் படிக்கக்கூடாது. தமிழ்நாடு, மகாராஷ்டிரா, ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் நடந்த ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின் முதல் கட்டத்தில், பொது மக்களிலேயே 79 சதவீதம் பேருக்கு ரத்தக் கொழுப்பில் ஏதோ ஒரு கோளாறு இருந்தது. இந்தியர்களுக்கு 'நல்ல கொழுப்பு' எனப்படும் ஹெச்டிஎல் பொதுவாகவே குறைவு. இரண்டு ஆய்வுகளிலும் வயதும் ஆட்களும் வேறு என்பதால் 92-ல் இருந்து 79-ஐக் கழித்து 'மிச்சம் 13 பிசிஓஎஸ்ஸால் வந்தது' என்று சொல்ல முடியாது. ஆனால் ஒன்று தெரிகிறது: ஏற்கனவே சரிவான தரையில்தான் இந்தியப் பெண்கள் நிற்கிறார்கள், பிசிஓஎஸ் அந்தச் சரிவைக் கூட்டுகிறது.

எதிர்ப்பக்கமாக, 3 சதவீதம் என்ற சர்க்கரை எண் ஆறுதலாகத் தெரியலாம். அதற்கும் ஒரு அடிக்குறிப்பு வேண்டும். இவர்களில் மிக மூத்தவருக்கே வயது 40. இந்த வயதில் ஃபேட்டி லிவர் மூன்றில் ஒருவருக்கு இருக்கிறது என்பதையும் சேர்த்துப் படித்தால், அந்த 3 அடுத்த பத்து, பதினைந்து வருடத்தில் எங்கே போகும் என்ற கேள்வி வரும்.

சுகர் டெஸ்ட் என்றால் எந்த டெஸ்ட்?

இந்தக் கட்டுரையில் ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைக்க இடமிருந்தால், இதை வையுங்கள்.

ஆபீஸ் ஹெல்த் செக்கப்பில் வெறும் வயிற்றில் சர்க்கரை பார்ப்பார்கள். 100-க்குக் கீழே வந்தால் 'நார்மல்'. பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு அந்த நார்மல் போதாது. இன்சுலின் எதிர்ப்பின் ஆரம்ப கட்டத்தில், ராத்திரி முழுக்கச் சாப்பிடாமல் இருந்த பிறகு சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க உடம்பால் முடியும். சாப்பிட்ட பிறகு வரும் சுமையைத்தான் சமாளிக்க முடியாது. அதனால்தான் சர்வதேச வழிகாட்டுதல் இவர்களுக்கு மிகத் துல்லியமான பரிசோதனையாகக் குறிப்பிடுவது ஓஜிடிடி: வெறும் வயிற்றில் ஒரு முறை ரத்தம், பிறகு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீர், இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை ரத்தம். இரண்டாவது அளவு 140-க்குக் கீழே இருந்தால் நல்லது. 140 முதல் 199 வரை என்றால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 200-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய்.

பிசிஓஎஸ் தெரிந்த உடனே ஒரு முறை, அதன்பிறகு ஆபத்தைப் பொறுத்து ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு ஒரு முறை என்பது பரிந்துரை. எடை எவ்வளவாக இருந்தாலும். 'ஒல்லியா இருக்கியே, உனக்கெதுக்கு சுகர் டெஸ்ட்?' என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை. அதுவும் நம் ஊர் ஒல்லி நம்பத்தக்க ஒல்லி கிடையாது. இந்தியர்களுக்கு பிஎம்ஐ 23-லேயே கூடுதல் எடை, 25-ல் பருமன் என்று கணக்கு வைத்திருப்பதும், பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினாலே கவனிக்கச் சொல்வதும் இதனால்தான்.

'ரெண்டு மணி நேரம் லேப்ல உட்கார யாருக்கு நேரம்? ஹெச்பிஏ1சி எடுத்தா போதாதா?' நியாயமான கேள்வி. மூன்று மாத சராசரியைக் காட்டும் அந்த டெஸ்ட்டுக்கு வெறும் வயிறு வேண்டாம், காத்திருக்க வேண்டாம். ஓஜிடிடி முடியாத இடத்தில் அதை எடுக்கலாம் என்று வழிகாட்டுதலும் சொல்கிறது, ஆனால் துல்லியம் குறைவு என்ற எச்சரிக்கையோடு. இந்தியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஹெச்பிஏ1சி ரத்தச் சிவப்பணுக்களை நம்பியிருக்கும் டெஸ்ட். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் அளவு மாறி வரலாம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பீரியட்ஸ் தள்ளிப்போய், வந்தால் பத்து நாள் நிற்காமல் போகிற ஒருவருக்கு ஹீமோகுளோபின் குறைவாக இருக்க வாய்ப்பு இன்னும் அதிகம். ஹெச்பிஏ1சி எடுத்தால் கூடவே ஹீமோகுளோபினும் எடுத்து, இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சர்க்கரை எல்லை தாண்டியிருந்தால் என்ன செய்வது என்பது உங்கள் மருத்துவர் முடிவு. மெட்ஃபார்மின் எல்லாருக்கும் கட்டாயம் இல்லை. தேவைப்படுகிறவர்களுக்குப் பல பத்தாண்டு அனுபவமுள்ள, விலை குறைந்த மருந்து. சாப்பாட்டில் 'பிசிஓஎஸ் டயட்' என்று தனியாக ஒன்று மற்றதைவிட மேல் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று வழிகாட்டுதல் வெளிப்படையாகவே சொல்கிறது. இன்ஸ்டாகிராமில் விற்கும் டீ பாக்கெட்டுகளைப் பற்றி இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. உடற்பயிற்சிக்கு வாரத்துக்கு 150 நிமிடத்தில் தொடங்கச் சொல்கிறார்கள், அதோடு இரண்டு நாள் தசைகளுக்கான பயிற்சி. எடை குறையாவிட்டாலும் இதனால் பலன் உண்டு.

எடை குறைப்பு ஊசி பற்றியும் ஒரு வார்த்தை. டிர்செபடைட், 'மவுன்ஜாரோ' என்ற பெயரில் 2025 மார்ச்சில் இந்தியச் சந்தைக்கு வந்தது. பிசிஓஎஸ்ஸுக்காகக் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர் இதைத் தொடங்கினால், தொடங்கிய பிறகும் ஒவ்வொரு முறை டோஸ் ஏற்றிய பிறகும் நான்கு வாரம் மாத்திரையின் பலன் குறையலாம். ஊசி போடும்போது கர்ப்பம் தரிப்பதைத் தவிர்க்க வேண்டும் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

90 நாள் கணக்கு

'பீரியட்ஸ் வரலைன்னா நிம்மதிதானே' என்று நினைப்பவர்கள் உண்டு. ஹாஸ்டலில், நைட் ஷிஃப்டில், டிராவலில் இருக்கும்போது அப்படித் தோன்றுவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் கருப்பையின் உட்படலம் அப்படி நினைப்பதில்லை.

முட்டை வெளிவந்தால்தான் புரோஜெஸ்டிரோன் சுரக்கும். அது சுரந்தால்தான் ஈஸ்ட்ரோஜனால் தடித்த உட்படலம் ஒழுங்காக உதிரும். முட்டையே வெளிவராத மாதங்களில் ஈஸ்ட்ரோஜன் மட்டும் வேலை செய்துகொண்டே இருக்கும். படலம் தடித்துக்கொண்டே போகும். பல வருடங்கள் இப்படியே போனால், அந்தத் தடிப்பு சிலருக்குப் புற்றுநோயை நோக்கிப் போகலாம். பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு கருப்பை உட்படலப் புற்றுநோய் ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பது நிறுவப்பட்டது. அதே மூச்சில் இதையும் சொல்ல வேண்டும்: மாதவிடாய் நிற்காத வயதில் அந்தப் புற்றுநோய் வருவதே மிக அரிது. மிக அரிதான ஒன்று சில மடங்கு கூடினாலும் அரிதாகவே இருக்கும். அதனால் எல்லாருக்கும் புற்றுநோய் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

சொல்வது இதுதான்: சிகிச்சை இல்லாமல் 90 நாளுக்கு மேல் தொடர்ந்து பீரியட்ஸ் தள்ளிப்போக விடாதீர்கள். கருத்தடை மாத்திரையோ, இடைவெளி விட்டுக் கொடுக்கும் புரோஜெஸ்டிரோன் மாத்திரையோ அங்கேதான் பயன்படுகிறது. 'மாத்திரை நிறுத்தினா திரும்ப பழையபடிதானே, அப்போ எதுக்கு?' என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். அது பிசிஓஎஸ்ஸைக் குணப்படுத்தவில்லை, உட்படலத்தைப் பாதுகாக்கிறது. ஆனால் கருத்தடை மாத்திரை எழுதும் முன் ரத்த அழுத்தம் பார்த்தார்களா, கண்ணில் மின்னல் தெரிந்து வரும் மைக்ரேன் உண்டா என்று கேட்டார்களா, புகைப்பழக்கம், ரத்தம் உறைந்த வரலாறு பற்றிக் கேட்டார்களா? கேட்கவில்லை என்றால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

குறட்டை, பதற்றம்

இந்த இரண்டையும் பிசிஓஎஸ்ஸோடு யாரும் சேர்த்துப் பேசுவதில்லை. தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு நிற்கும் ஸ்லீப் ஆப்னியா, எடை எப்படி இருந்தாலும் பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு அதிகம். சத்தமாகக் குறட்டை, எட்டு மணி நேரம் தூங்கியும் காலையில் களைப்பு, மதிய மீட்டிங்கில் கண் சொருகுவது ஆகியவை அடையாளங்கள். பொண்ணு குறட்டை விடுகிறாள் என்று டாக்டரிடம் சொல்ல வீட்டில் கூச்சப்படுவார்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. ரூம்மேட்டிடம் கேளுங்கள், அவருக்குத்தான் சரியாகத் தெரியும்.

மனச்சோர்வும் பதற்றமும் இவர்களுக்கு மற்றவர்களைவிடக் கணிசமாக அதிகம் என்று பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் சேர்ந்து காட்டுகின்றன. பிசிஓஎஸ் தெரிந்த உடனேயே எல்லாருக்கும் இதைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது வழிகாட்டுதலின் உறுதியான பரிந்துரைகளில் ஒன்று. முகத்தில் முடி, எடை, 'எப்போ நல்ல சேதி?' என்ற விசாரிப்பு எல்லாம் காரணமாக இருக்கலாம், ஹார்மோன்களும் இருக்கலாம். எதுவானாலும் 'நானே அதிகமா யோசிக்கிறேன் போல' என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. மத்திய அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம்.

20 முதல் 29 வரை

சரி, அரசாங்கம் எங்கே? திட்டங்களைக் கோடு போட்டுப் பார்த்தால் ஒரு பள்ளம் தெரியும். 10 முதல் 19 வயதுக்கு 2014-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய கிஷோர் ஸ்வாஸ்திய காரியக்ரம் இருக்கிறது. அதன் இலக்குகளில் தொற்றா நோய்களும் மனநலமும் உண்டு. சர்க்கரை, ரத்த அழுத்தம், மூன்று வகைப் புற்றுநோய்களுக்கான தேசியப் பரிசோதனைத் திட்டம் 30 வயதில் தொடங்குகிறது. நடுவில் இருக்கும் பத்து வருடங்கள் தேசிய அளவில் யார் கணக்கிலும் இல்லை. பிசிஓஎஸ் பெரும்பாலும் கண்டுபிடிக்கப்படுவதும் அந்தப் பத்து வருடங்களில்தான்.

கணக்கில் இல்லை என்பதை உவமையாகச் சொல்லவில்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்று, பெண்களிடம் உங்களுக்குச் சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, தைராய்டு உண்டா, இதய நோய் உண்டா என்று வரிசையாகக் கேட்டது. பிசிஓஎஸ் அந்த வரிசையில் இல்லை. லட்சக்கணக்கான பெண்களின் ரத்தச் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் அளந்த ஆய்வு அது. ஒரே ஒரு கேள்வி சேர்த்திருந்தால், மாவட்ட வாரியாக இந்த இரண்டையும் பொருத்திப் பார்த்திருக்கலாம். என் மாதிரி டேட்டாவோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இது தொழில் புலம்பல். அரசாங்கத்துக்கு இது திட்டமிட முடியாமை.

தனியார் பக்கம் போனால் காப்பீடு. கம்பெனி கொடுக்கும் குழுக் காப்பீட்டில் பொதுவாக டாக்டர் ஃபீஸும் ரத்தப் பரிசோதனையும் வராது; ஆஸ்பத்திரியில் படுத்தால்தான். பிசிஓஎஸ்ஸுக்கு யாரும் படுப்பதில்லை. சொந்தமாக பாலிசி எடுத்தால் குழந்தையின்மை சிகிச்சையும் எடை சார்ந்த சிகிச்சையும் ஐஆர்டிஏஐ அனுமதித்த விலக்குப் பட்டியலில் இருப்பவை. பெரும்பாலான பாலிசிகளில் அவை நிபந்தனையோடோ, முழுவதுமாகவோ விலக்கப்படும். ஏற்கனவே இருக்கும் நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தை 2024-ல் ஐஆர்டிஏஐ அதிகபட்சம் 36 மாதமாகக் குறைத்தது நல்ல விஷயம். அதற்காக பிசிஓஎஸ்ஸை விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். பின்னாளில் சர்க்கரை தொடர்பான கிளெய்ம் வரும்போது பழைய ஸ்கேன் ரிப்போர்ட் உங்களுக்கு எதிராகத் திரும்பலாம்.

முதல் முறை குளுக்கோஸ் தண்ணீர்

பிசிஓஎஸ் இருந்தால் குழந்தை பிறக்காது என்பது மிகைப்படுத்தல். முட்டை வெளிவருவதில் தாமதம் இருக்கும். லெட்ரோசோல் போன்ற மாத்திரைகளே பலருக்குப் போதுமானதாக இருக்கின்றன. கர்ப்பம் தரித்த பிறகு வரும் சிக்கல்களைப் பற்றித்தான் போதிய அளவு பேசுவதில்லை. கர்ப்பகாலச் சர்க்கரை, கர்ப்பகால ரத்த அழுத்தம், குறைப்பிரசவம் மூன்றும் இவர்களுக்கு அதிகம். கர்ப்பம் திட்டமிடும்போதே ஓஜிடிடி எடுக்க வாய்ப்புத் தர வேண்டும், இல்லையென்றால் முதல் செக்கப்பில், பிறகு 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு முறை என்கிறது சர்வதேச வழிகாட்டுதல்.

இந்த இடத்தில் இந்தியா பின்தங்கியிருக்கவில்லை. சொல்லப்போனால் சென்னை இதில் முன்னோடி. மருத்துவர் வி. சேஷய்யாவும் அவரோடு பணிபுரிந்தவர்களும் முன்வைத்த எளிய முறை, சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் பார்ப்பது. 140-ம் அதற்கு மேலும் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனையைத் தமிழ்நாடு 2007-லேயே கட்டாயமாக்கியது. பிறகு மத்திய அரசின் வழிகாட்டுதலும் முதல் செக்கப்பிலும் 24-28 வாரங்களிலும் இதே முறையைத்தான் ஏற்றுக்கொண்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில்கூட எடுக்கக்கூடிய டெஸ்ட் இது.

19 வயதில் பிசிஓஎஸ் என்று தெரிந்த ஒரு பெண், 29 வயதில் முதல் குழந்தைக்குக் கர்ப்பமாகிறார் என்று வைத்துக்கொள்வோம். நம் சுகாதார அமைப்பு அவர் கையில் அந்த குளுக்கோஸ் தண்ணீரை முதல் முறை கொடுப்பது அன்றைக்குத்தான். பத்து வருடம் முன்பே அவருக்குத் தேவைப்பட்டதும் அதே 75 கிராம்தான்.